ஸ்தபதியிடம் எழுதி வாங்குவது தெய்வக் குற்றமா?

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் அம்மன் கோயில் திருப்பணிக் குழுவில் பொருளாளராக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரையும் ஊரையும் அடையாளம் காட்டக்கூடிய செய்திகளை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கோயிலுக்குத் தை மாதக் கடைசியில் கும்பாபிஷேகம். அதற்குள் இரண்டரை அடி உயரத்தில் வீதியுலாவுக்கான பஞ்சலோக உற்சவர் அம்மனும் அதைச் சூழ்ந்து நிற்கும் பித்தளைத் திருவாசியும் செய்து தருமாறு சுவாமிமலை ஸ்தபதி ஒருவரிடம் சென்ற சித்திரையில் பேசி முடித்திருக்கிறார்கள். மொத்தத் தொகை 6,40,000 ரூபாய். இரண்டு தவணையாக 3,50,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தாயிற்று. ரசீது இல்லை, ஸ்தபதி தம் நோட்டில் குறித்துக்கொண்டதோடு சரி. வார்ப்பில் சேர்ப்பதற்கென்று ஊர்ப் பெண்கள் கழற்றிக் கொடுத்த தோடு, மூக்குத்தி, தாலிக் குண்டு என ஐந்து பவுன் பழைய தங்கமும் பட்டறைக்குப் போய்விட்டது. ஆவணியில் தருவதாகச் சொன்ன திருமேனி, கார்த்திகை பிறந்த பிறகும் மெழுகு நிலையிலேயே இருக்கிறது. கேட்டால் மழை என்கிறார், ஆள் இல்லை என்கிறார்.

குழுவில் இப்போது மூன்று கட்சி. போலீசில் மோசடிப் புகார் கொடுக்க வேண்டும் என்கிறார்கள் இளைஞர்கள். சுவாமி காரியத்தில் பத்திரம் எழுதி வாங்குவதே குற்றம், பொறுத்திருப்போம் என்கிறார்கள் பெரியவர்கள். வேறு பட்டறைக்கு மாற்றிவிடலாம் என்கிறார் தலைவர். இதற்கு நடுவில், ஒரு கை முறிந்த பழைய உற்சவரை உருக்கிப் புதிய திருமேனியில் சேர்த்துவிடலாம் என்ற யோசனையும் எழுந்திருக்கிறது. அது எத்தனை வருடத்துப் பழையது என்று யாருக்கும் தெரியாது, "தாத்தா காலத்திலேயே இருந்தது" என்பது மட்டும் தெரியும். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற ஊர்க்காரர் ஒருவர் இரண்டு லட்சம் தர முன்வந்து, பீடத்தில் தம் தகப்பனார் பெயரும் திருவிழாவில் முதல் மரியாதையும் கேட்கிறார். "எங்கள் கோயிலுக்கு நிர்வாக அதிகாரி கிடையாது, இது எங்கள் ஊருக்குச் சொந்தமான தனியார் கோயில், ஆகவே இதையெல்லாம் நாங்களே முடிவு செய்துகொள்ளலாம் அல்லவா?" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரு கோயில் தனியார் கோயிலா, பொதுக் கோயிலா என்பதை அங்கே அறநிலையத் துறை அதிகாரி உட்கார்ந்திருக்கிறாரா என்பது தீர்மானிப்பதில்லை. 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் 6(20)-ஆம் பிரிவு, இந்து சமூகத்தினர் அல்லது அதில் ஒரு பகுதியினர் தங்கள் உரிமையாகப் பொது வழிபாட்டுக்குப் பயன்படுத்தும் இடத்தைக் கோயில் என்கிறது. தேவகி நந்தன் வழக்கில் 1956-லேயே உச்ச நீதிமன்றம் இதே அளவுகோலைத்தான் எடுத்துக்கொண்டது: கும்பிட வருகிறவர் யாருடைய தயவிலும் இல்லாமல் தம் உரிமையில் வருகிறாரா என்பதே கேள்வி. நீங்கள் வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வாங்குகிறீர்கள், உண்டியல் வைத்திருக்கிறீர்கள், பக்கத்து ஊரார் பால்குடம் எடுக்கிறார்கள். இப்படிப்பட்ட கோயிலைத் தனியார் கோயில் என்று நிலைநாட்டுவது மிகவும் கடினம். அதில் தகராறு வந்தாலும் 63-ஆம் பிரிவின்படி முதலில் முடிவு சொல்ல வேண்டியவர் துறையின் இணை ஆணையர்; ஊர்க் கூட்டம் அன்று.

இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் பணம் கொடுத்து ஒரு பொருளை வாங்கும் வாடிக்கையாளர் என்ற நினைப்பில் குழு பேசிக்கொண்டிருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அந்தப் பணமும் தங்கமும் கோயிலுக்கென்று கொடுக்கப்பட்ட நொடியிலிருந்து சுவாமியின் சொத்து; நீங்கள் அதற்குப் பொறுப்பாளர்கள். தன் சொந்தப் பணத்தில் ஒருவர் தாராளமாக இருக்கலாம், ஏமாறவும் செய்யலாம், கோபத்தில் விட்டுக்கொடுக்கவும் செய்யலாம். அறங்காவலர் அப்படி இருக்க முடியாது. சாதாரண விவேகமுள்ள மனிதர் தம் சொத்தில் காட்டும் கவனத்தை அவர் கோயில் சொத்தில் காட்ட வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு. முறைப்படி நியமனம் பெறாத குழு என்றாலும், பணத்தை வசூலித்தவர்கள் என்ற முறையில் இந்தக் கேள்வி உங்களை நோக்கித்தான் வரும், அதிலும் பொருளாளரான உங்களை நோக்கி.

எழுதி வைப்பது பழைய வழக்கம்தான்

பெரியவர்களின் மனக்குறைக்கு வருகிறேன். அவர்கள் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போயிருப்பார்கள். அங்கே ராஜராஜனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளின் விவரம் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு திருமேனியும் கோயிலிலேயே வைத்திருந்த முழத்தால் அளந்து, இத்தனை முழம் இத்தனை விரல் உயரம், இத்தனை திருக்கை, கனமாக (உள்ளே வெற்றிடம் இல்லாமல்) வார்த்தது என்று பதிவாகியிருக்கிறது. நகைகள் "ஆடவல்லான்" என்ற பெயருள்ள கல்லால் நிறுக்கப்பட்டிருக்கின்றன. கோத்த சரட்டையும் உள்ளே நிரப்பிய அரக்கையும்கூட விட்டுவிடாமல் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். கொடுத்தவன் பேரரசன், வாங்கியது அவனே கட்டிய கோயில். அங்கேயே இப்படி என்றால், ஊர் வரி வசூலித்துச் செய்கிற உற்சவருக்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது எந்த விதத்தில் தெய்வக் குற்றம் ஆகும்?

வாய்ப்பேச்சில் முடித்ததால் ஒப்பந்தமே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். அதை நிரூபிப்பதில்தான் சிக்கல். ஸ்தபதி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள், மெழுகு உருவத்தின் படங்கள், அவர் நோட்டில் குறித்த பக்கம் எல்லாமே சான்றுகள்தான். நோட்டுப் பக்கத்தை இப்போதே, உறவு முறியாமல் இருக்கும்போதே, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் உள்ள செய்திகளை அழிக்காதீர்கள், போனை மாற்றவும் வேண்டாம். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்டும்போது அதற்குரிய சான்றிதழோடு காட்ட வேண்டியிருக்கும்.

ரொக்கம் பற்றி ஒரு வார்த்தை. ஒரே பரிவர்த்தனைக்காக இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரலிலிருந்து தடை செய்திருக்கிறது. இரண்டு தவணையாகப் பிரித்துக் கொடுத்தோம் என்பது இதற்கு விடை ஆகாது. மீறினால் பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரக்கூடும். ஸ்தபதி ரசீது தரத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தயக்கத்தை உடனே திருட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மீதித் தொகை முழுவதும் வங்கி வழியாகவே போகட்டும்.

தாமதம் எப்போது ஒப்பந்த மீறல் ஆகிறது

போலீஸ் புகார் என்பது இந்தக் கட்டத்தில் தவறான கதவு. வேலை தாமதமாவதும், வாங்கிய முன்பணத்துக்கு வேலை முடியாமல் இருப்பதும் தம்மளவில் மோசடி ஆகிவிடாது. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவுக்கு வழி உண்டு. மெழுகில் அம்மன் உருவம் முடிந்து நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செய்யும் எண்ணமே இல்லாதவர் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டார்.

அவர் சொல்லும் மழைக் காரணத்தையும் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்து பிடித்த உருவத்தின் மேல் முதலில் காவிரி வண்டலை நைசாக அரைத்துப் பூசுவார்கள். பிறகு களிமண் பூச்சு, கம்பிக் கட்டு, மறுபடியும் மண். ஒவ்வொரு பூச்சும் நிழலில் தானாகக் காய வேண்டும். இந்த மண் அச்சுக்குக் கரு என்று பெயர். மெழுகை உருக்கி வடித்த பிறகு, ஈரம் உள்ளே தங்கிய கருவில் உருகிய உலோகத்தை ஊற்றினால் ஆவி கிளம்பிக் கரு வெடிக்கும், வார்ப்பில் ஓட்டை விழும். கருவை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க வேண்டும் என்பதால் பிழைத்தால் மறுபடி மெழுகிலிருந்தே தொடங்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவில் கரு காய வைப்பது எளிய காரியமில்லை. ஆனால், ஆவணிக்குத் தருவதாகச் சொன்னவர் ஆடிக்குள் வார்த்திருக்க வேண்டும். அப்போது மழை இல்லை என்பதை மரியாதையாகச் சுட்டிக்காட்ட உங்களுக்கு உரிமை உண்டு.

ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு இரண்டு நிலைகளைப் பிரிக்கிறது. காலம் ஒப்பந்தத்தின் உயிர்நாடியாக இருந்து அது தவறினால் நீங்கள் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். அப்படி இல்லையென்றால் தாமதத்தால் ஏற்பட்ட நட்டத்துக்கு ஈடு மட்டும் கேட்கலாம். ஆவணி என்று சொன்னது தவறியபோது நீங்கள் எதிர்ப்பு எழுதாமல் இருந்துவிட்டீர்கள். ஆகவே அந்தத் தேதியை இனிப் பிடித்துக்கொள்வதில் பலம் இல்லை. கும்பாபிஷேகத் தேதி வேறு. அது அவருக்குத் தெரியும், அதற்காகத்தான் வேலையே கொடுக்கப்பட்டது. அந்தத் தேதியைக் குறிப்பிட்டு, மார்கழி இன்ன நாளுக்குள் வார்ப்பு, தை இன்ன நாளுக்குள் ஒப்படைப்பு என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். மிரட்டல் தொனி வேண்டாம். தேதி தவறிய பிறகு திருமேனியை வாங்கிக்கொள்வதானால், தாமதத்துக்கான ஈட்டைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று வாங்கும் நேரத்திலேயே அறிவிக்க வேண்டும் என்பதையும் அந்தப் பிரிவு சொல்கிறது; பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

தலைவர் சொல்கிறபடி வேறு பட்டறைக்கு மாற்றுவதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. குறித்த நிவாரணச் சட்டம் (Specific Relief Act) 2018-ல் திருத்தப்பட்டபோது, மீறியவருக்கு எழுத்தில் குறைந்தது முப்பது நாள் அவகாசம் கொடுத்து, அதன் பிறகும் செய்யாவிட்டால் வேறொருவரைக் கொண்டு வேலையை முடித்து, ஆன செலவை முதலாமவரிடம் கேட்கும் வழி 20-ஆம் பிரிவில் வந்தது. அறிவிப்பில்லாமல் திடீரென்று மாற்றினால் ஒப்பந்தத்தை முறித்தவர்கள் நீங்கள் என்று ஆகிவிடும், முன்பணத்தைத் திரும்பக் கேட்கும் வாதமும் பலவீனப்படும். இன்னொன்று: "இவரே செய்து முடிக்க வேண்டும்" என்று நீதிமன்றம் உத்தரவிடும் என எதிர்பார்க்காதீர்கள். ஒருவருடைய தனிப்பட்ட கைத்திறமையை நம்பிய ஒப்பந்தத்தை அப்படி நிறைவேற்றச் சொல்லும் வழக்கம் இல்லை.

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், பட்டறையை மாற்ற வேண்டாம் என்பேன். தைக்குள் புதிய கை ஒன்று மெழுகிலிருந்து தொடங்கி இரண்டரை அடித் திருமேனியை உளி வேலை வரை முடிப்பதாகச் சொன்னால், அந்த வாக்குறுதியைத்தான் நான் சந்தேகிப்பேன். மூலவருக்குக் கும்பாபிஷேகத்தைக் குறித்த நாளில் நடத்திவிட்டு, உற்சவர் பிரதிஷ்டையை வேறொரு நல்ல நாளில் தனியாக வைத்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் சிவாச்சாரியாரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால், உங்கள் கழுத்தில் கிடக்கும் அவசரக் கயிறு அவிழ்ந்துவிடும்.

தங்கம், நிறை, சேதாரம்

கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். பணத்துக்குக் கணக்கு எப்படியாவது வந்துவிடும். உருகிய தங்கத்துக்கு வராது.

பஞ்சலோகம் என்றால் ஐந்தும் சம பங்கு என்று ஊரில் நினைப்பார்கள். நடைமுறையில் பெரும்பங்கு செம்பு, அடுத்தது பித்தளை, கொஞ்சம் ஈயம். வெள்ளியும் தங்கமும் மிகச் சிறிய அளவு. உங்கள் திருமேனி சுமார் 64 கிலோ வரும் என்று ஸ்தபதி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்து பவுன் என்பது 40 கிராம். பத்தாயிரத்தில் ஆறு பங்கு. திருமேனி வந்த பிறகு நகைக்கடையில் இருக்கும் சோதனை எந்திரத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள் அல்லவா? அந்த எந்திரம் மேற்பரப்பை மட்டும் பார்க்கும். செம்பும் துத்தநாகமும் நிறைந்த உலோகத்துக்குள் இத்தனை சிறிய பங்கை அது நம்பும்படியாகக் காட்டாது. "இல்லை" என்று காட்டினால் வீண் பழி, "உண்டு" என்று காட்டினால் வீண் நிம்மதி. ஹால்மார்க் முத்திரையும் தங்க, வெள்ளி நகைகளுக்கு உரியது, வார்ப்புத் திருமேனிக்கு அது கிடையாது. பழனியிலும் காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலிலும் புதிதாகச் செய்த உலோகத் திருமேனிகளில் தங்கம் குறைந்தது என்ற புகார்களின் மேல் சில ஆண்டுகளுக்கு முன் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு விசாரணை நடத்தியதைப் படித்திருப்பீர்கள். யார் மேல் தவறு என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. வார்க்கும் நாளில் ஊரறிய நிறுத்துச் சேர்த்து எழுதி வைத்திருந்தால் இப்படிப்பட்ட சந்தேகங்களுக்கு இடம் குறையும் என்பதை மட்டும் நான் சொல்வேன்.

ஆகவே, இந்த வாரமே செய்ய வேண்டிய முதல் வேலை, தங்கத்தைத் திரும்ப வாங்குவது. வார்ப்பு நடக்கவில்லை, ஆகவே தங்கத்துக்கு இப்போது பட்டறையில் வேலை இல்லை. ஒருவர் ஒப்படைத்த பொருளின் மேல் கைத்திறன் செலவிட்டவர் கூலி வரும்வரை அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. இந்தத் தங்கத்தின் மேல் அவர் எந்த வேலையும் செய்யவில்லை என்பதால் அந்த உரிமை அவருக்கு இன்னும் எழவில்லை. "வார்ப்பன்று ஊர்ப் பெண்களே கையால் போட ஆசைப்படுகிறார்கள்" என்று சொல்லிக் கேளுங்கள். அது உண்மையாகவும் இருக்கும், எந்த ஸ்தபதிக்கும் மனவருத்தம் தராத வேண்டுகோளாகவும் இருக்கும். உலோகம் உருக்கும் மண் கலமான மூசையில் உலோகம் கொதிக்கும்போது பக்தர்கள் பொன்னைச் சேர்ப்பது சுவாமிமலையில் வழக்கம்தான். கேட்டும் தரவில்லை, இருக்கிற இடமும் சொல்லவில்லை என்றால் நிலைமை வேறு. நம்பி ஒப்படைத்த பொருளைக் கையாடல் செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் வரும் குற்றம். அப்போது போலீஸ் என்ற பேச்சுக்கு அர்த்தம் உண்டு.

வாங்கியபின் பழைய நகையை நேரடியாக மூசையில் போடாதீர்கள். தோட்டில் கல்லும் அரக்கும் பற்றாசும் இருக்கும். ஐந்து பவுன் எடை என்பது ஐந்து பவுன் தங்கம் ஆகாது. உருக்கிக் கட்டியாக்கி, நிறையும் தரமும் எழுதி வாங்கி, யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலோடு சேர்த்து வையுங்கள்.

நிறைக்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. மெழுகைவிட வார்ப்பு உலோகம் ஏறத்தாழ எட்டு முதல் பத்து மடங்கு கனம். மெழுகு உருவத்தைப் பீடத்தோடு உங்கள் முன்னிலையில் தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஏழு கிலோ வந்தால், கனமாக வார்க்கும் திருமேனி 60 கிலோவை ஒட்டி நிற்கும். நாலு கிலோதான் வருகிறது என்றால் 64 கிலோ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று அங்கேயே கேட்டுவிடலாம். உலோகம் ஊற்றும் வழிவாயில் தங்கி நிற்கும் மிச்சமும் அரத்தூளும் யாருக்குச் சேர வேண்டும், சேதாரம் எத்தனை என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். தங்கம் கலந்த உலோகம் என்பதால் இது சில்லறை விஷயம் இல்லை. வார்ப்பின்போது அதே மூசையிலிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு தனியாக ஊற்றி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் சந்தேகம் எழுந்தால் ஆய்வுக்கூடத்தில் கரைத்துச் சோதிக்க அந்தத் துண்டு போதும், அம்மன் மேல் உளி படாது.

சுவாமிமலை வார்ப்புக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அதுவே உத்தரவாதம் என்று குழுவில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறியீடு ஊரின் பெயரையும் மரபையும் காப்பது. உங்கள் திருமேனியில் என்ன உலோகம், எத்தனை நிறை என்பதற்கு அது பிணை நிற்காது.

மெழுகு நிலையில் பார்த்துவிடுங்கள்

இது சட்டம் இல்லை, ஆனால் சட்டச் சண்டைகள் பிறக்கும் இடம். சிவாச்சாரியாரையும் வாகனம் கட்டுகிறவரையும் அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். கைகளில் உள்ள ஆயுதங்கள் உங்கள் அம்மனுக்கு உரியவையா, எந்தக் கையில் எது என்று தியான சுலோகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பீடத்தில் தண்டு நுழையும் துளையும் கட்டும் வளையமும் இருக்கின்றனவா, திருவாசி கருவறை வாசலில் இடிக்காமல் வெளியே வருமா, சிம்ம வாகனத்தின் பலகையில் பீடம் உட்காருமா என்று நூல் பிடித்து அளந்து பாருங்கள். மெழுகில் ஒரு விரலைத் திருப்புவது நொடி வேலை. உலோகத்தில் அது தகராறு. பார்த்து முடித்ததும் படங்கள் எடுத்து, "இந்த உருவம் எங்களுக்குச் சம்மதம்" என்று இரு தரப்பும் கையெழுத்திட்டுவிடுங்கள். பின்னால் இரு தரப்புக்கும் அதுவே பாதுகாப்பு.

அந்தத் தாளிலேயே உயரம், நிறை, கனவார்ப்பு என்ற சொல், தேதிகள், மீதித் தொகையை எந்தக் கட்டத்தில் எவ்வளவு கொடுப்பது, வார்ப்பு பிழைத்தால் மறுவார்ப்புச் செலவு யாருடையது, கண் திறப்பு பட்டறையிலா கோயிலிலா, வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்பவற்றையும் சேர்த்து எழுதிவிடலாம். மீதி 2,90,000 ரூபாயில் கணிசமான பகுதியை ஒப்படைப்பு வரை நிறுத்தி வையுங்கள். தாமதத்துக்கு நாளுக்கு இவ்வளவு என்று பெரிய தொகை போட்டுப் பயமுறுத்துவதில் பயன் இல்லை; நியாயமான ஈட்டுக்கு மேல் நீதிமன்றம் கொடுக்காது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. ஒப்பந்தம் கோயிலின் பெயரில், அதைப் பிரதிநிதித்து இன்னின்னார் என்று பெயர்களோடு இருக்கட்டும். "திருப்பணிக் குழு" என்று மட்டும் போட்டால், பதிவு பெறாத குழுவின் பெயரில் நாளை வழக்குத் தொடுப்பதே தனி வழக்காகிவிடும். அப்படியும் காரியம் கெட்டுப்போனால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் பொதுவாக மூன்று ஆண்டும், நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டும் கெடு. உங்கள் தொகைக்கு மாவட்ட ஆணையமே போதும்.

பழைய உற்சவரைத் தொடாதீர்கள்

இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி தொல்பொருள். "தாத்தா காலத்திலேயே இருந்தது" என்று உங்கள் வயதில் ஒருவர் சொன்னால் அது நூறு ஆண்டை நெருங்கும் அல்லது தாண்டும். அப்படிப்பட்ட உலோகச் சிற்பங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்ற கடமை இருக்கிறது. உருக்கிவிட்டால் அதன் வயதை எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. நாளை ஒருவர், "பழைய சிலையை விற்றுவிட்டு உருக்கிவிட்டதாகக் கதை கட்டுகிறார்கள்" என்று எழுதிப் போட்டால் உங்களிடம் பதில் சொல்ல ஒரு குன்றிமணி உலோகம்கூட இருக்காது.

கையை ஒட்டி வாங்குவதற்காகப் பட்டறைக்குக் கொடுத்து அனுப்புவதும் இப்போது வேண்டாம். 1951-ல் கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் மண்ணிலிருந்து கிடைத்த சோழர் கால நடராசர், சில ஆண்டுகள் கழித்துப் பழுது பார்க்கக் கொடுக்கப்பட்டார். திரும்பி வந்தது நகல். ஊர் அதையே கும்பிட்டது. மூலத் திருமேனி கைமாறிக் கைமாறி 1973-ல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையிடம் போய்ச் சேர்ந்தது, வழக்காடிய பிறகு 1980-களில்தான் நாடு திரும்பியது. உங்கள் உற்சவரை நாலு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, எடை போட்டு, முறிந்த கையையும் சேர்த்து ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்தோடு பதிந்து, அறநிலையத் துறை உதவி ஆணையர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பின்னமான திருமேனியை ஆகமப்படி என்ன செய்வது என்பதைச் சிவாச்சாரியார் சொல்லட்டும். அவர் சொல்வதைத் துறையின் அனுமதி வந்த பிறகு செய்யுங்கள். அதே கடிதத்தில் புதிய உற்சவர் பற்றியும் தெரிவித்து அனுமதி கேட்டுவிடுங்கள். கோயிலின் திருமேனிகளும் நகைகளும் நிறையோடு பதிவேட்டில் ஏற வேண்டும் என்பது அறநிலையச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு. துறைக்குத் தெரிந்தால் கோயிலை எடுத்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் பல ஊர்கள் மறைக்கின்றன. மறைத்த ஊரில் சிலை காணாமல் போனால், அது இருந்தது என்பதற்கே சான்று இருக்காது.

சிங்கப்பூர்ப் பணமும் முதல் மரியாதையும்

நல்ல மனத்தோடுதான் தருகிறார், சந்தேகமில்லை. ஆனால் அவர் இப்போது அயல்நாட்டுக் குடிமகன். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 அவரை அயல்நாட்டு மூலம் என்றே கொள்ளும். பதிவோ முன் அனுமதியோ இல்லாத கோயில் அவர் பணத்தைப் பெறக் கூடாது, ரூபாயாகக் கையில் கொடுத்தாலும்தான். உள்ளூர் உறவினர் கணக்குக்கு அனுப்பி அவர் பெயரில் வரவு வைப்பது சுற்றுவழி, அதைச் செய்யாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டே அங்கே வேலை பார்ப்பவர் தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கொடுத்தால் இந்தத் தடை இல்லை. குடியுரிமை மாறாத அண்ணன் தம்பி யாராவது தம் பணத்தில் தர முன்வருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பீடத்தில் பெயர் பொறிப்பது சிவாச்சாரியார் ஒப்ப வேண்டிய விஷயம். என்னைக் கேட்டால் சுவரில் கல்வெட்டு வைப்பதே நல்லது, தஞ்சையிலும் பெயர்கள் கல்லில்தான் இருக்கின்றன. முதல் மரியாதை மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். கோயிலுக்கு அர்ப்பணித்த பொருளின் மேல் கொடுத்தவருக்கு உரிமை எதுவும் மிஞ்சாது, ஆகவே அதற்கு ஈடாக மரியாதை விற்க உங்களுக்கும் அதிகாரம் இல்லை. ஊரில் ஏற்கெனவே மரியாதை பெற்றுவரும் வகையறா இருந்தால், அவர்கள் வழக்கத்தைக் காட்டி அறநிலையச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் இணை ஆணையரிடம் போவார்கள். இரண்டு லட்சத்துக்காகத் திருவிழாவே நின்றுபோன ஊர்களை நான் அறிவேன். அவருக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதி, சட்டத் தடையைச் சொல்லி, கும்பாபிஷேகத்துக்குக் குடும்பத்தோடு வரும்படி அழையுங்கள். பணம் இன்னும் வரவில்லை என்பதால் இப்போது மறுப்பது எளிது.

தங்கத்தை வாங்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். தலைவரோடும், நகை கொடுத்த பெண்களில் இரண்டு பேரோடும் போங்கள். பட்டறையிலேயே நிறுத்து, இரண்டு பிரதி எழுதி, ஸ்தபதியிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பதிவுத் தபால் கடிதத்தை அதற்குப் பிறகு அனுப்பினால் போதும்.